ரிக்டர் வாசித்த ஷூபர்ட்: கேட்புக் குறிப்புகள்

மார்ச் 3

இந்த வாரம் வேறு எதையும் கேட்பதாக இல்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பி ஃப்ளாட் மேஜர் பியானோ சொனாட்டா (நான்கு பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு), டி. 960 (அவர் படைப்புப் பட்டியலில் இதன் எண்). வாசிப்பவர் சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாத்தொஸ்லாவ் ரிக்டர், 1972-ஆம் ஆண்டுப் பதிவு. முதல் பகுதி மட்டும் 24 நிமிடம் ஓடுகிறது. இன்னொரு பியானோ கலைஞர் ஆல்ஃபிரட் பிரெண்டல் அதையே சுமார் 15 நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்த இடைவெளியில் பெரும்பங்கு, அதன் தொடக்க மூன்றில் ஒரு பங்கை ரிக்டர் இரண்டாம் முறையும் வாசிப்பதால் வருவது. மீதி டெம்போ, அதாவது வேகம். ஷூபர்ட் மேலே ‘மோல்த்தோ மொடராத்தோ’ (மிக நிதானமாக) என்று எழுதியதோடு சரி, மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது) எதுவும் தரவில்லை. எனவே எவ்வளவு நிதானம் என்பது வாசிப்பவர் பாடு.

மார்ச் 4

இன்று முதல் ஒரு நிமிடத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்டேன். சர்ச்சில் சேர்ந்து பாடுவது போன்ற மெட்டு, மிக மெல்லியது, பெரிதாக ஏற்ற இறக்கம் கிடையாது. அது ஒரு மூச்சுக்கு நிற்கிறது. எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) இடது கை அடிமட்டத்துக்குப் போய், ஜி ஃப்ளாட்டில் ஒரு ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது) போடுகிறது. அதுவும் மெல்லிய ஒலியில்தான். பிறகு மௌனம்.

அந்த ஜி ஃப்ளாட் இந்த ஸ்கேலிலேயே (பி ஃப்ளாட் மேஜர் சுர வரிசையிலேயே) இல்லாத சுரம். வழி தவறி வந்த சுரமோ என்றால், இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே மெட்டு ஜி ஃப்ளாட் மேஜரிலேயே வருகிறது. அப்புறம் இரண்டாவது மெட்டு எஃப் ஷார்ப் மைனரில் (மேஜரைவிடச் சோகச் சாயலுள்ள சுர வரிசை). பியானோவில் அதுவும் அதே கருப்புக் கட்டைதான். எட்டாவது பாரிலேயே ஷூபர்ட் சொல்லிவிட்டார், நாம்தான் கவனிக்க வேண்டும். கவனிக்க ரிக்டர் நேரம் கொடுக்கிறார். ட்ரில்லுக்குப் பின் அவர் விடும் இடைவெளியில், பாட்டு நின்றேவிட்டதா என்று இயர்போனை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 6

திரும்ப வாசிப்பது பற்றி. பிரெண்டலுக்கு இதில் உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் தொடக்கத்துக்குத் திரும்பிப் போவதற்காகவே ஷூபர்ட் ஒன்பது பார்கள் தனியாக எழுதியிருக்கிறார். திரும்பிப் போகாவிட்டால் அவை யார் காதிலும் விழாது. அந்த ஒன்பது பார்களின் திடீர் வெடிப்பு மற்ற இசையோடு ஒட்டவில்லை என்பது பிரெண்டலின் வாதம். கேட்டால் ஒட்டவில்லைதான். அதுவரை முணுமுணுத்த ட்ரில் அங்கே மட்டும் முழுக் குரலில் கத்துகிறது. ஒட்டாததாலேயே அது வேண்டும் என்பது என் கட்சி. இரண்டாம் முறை அதே அமைதியான மெட்டு வரும்போது நாம் பழைய ஆளாக இல்லை. நமக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது.

மார்ச் 7

பஸ்ஸில் மூன்றாம் பகுதி மட்டும். துள்ளல். நன்றாகத்தான் இருக்கிறது, எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9

இரண்டாம் பகுதி, சி ஷார்ப் மைனர். பி ஃப்ளாட்டிலிருந்து வெகுதூரம். நடுவில் மெட்டு நகர, இடது கை ஆழத்தில் ஒரு கட்டையைத் தொட்டு, பிறகு வலது கையைத் தாண்டி மேலே ஒன்றைத் தொட்டுத் திரும்புகிறது. இதே அசைவு விடாமல் நடக்கிறது. ரிக்டரின் வேகத்தில் ஒவ்வொரு தொடுகையும் தனித்தனியாகக் கேட்கிறது.

கடைசிப் பக்கத்தில்தான் விஷயம். மைனரில் போய்க்கொண்டிருந்தது முன்னறிவிப்பே இல்லாமல் சி மேஜரில் விழுகிறது. அரை சுரம்தான் கீழே, ஆனால் அறையில் யாரோ திரையை விலக்கியது போலிருக்கிறது. முடிவது சி ஷார்ப் மேஜரில்.

மார்ச் 10

ஷூபர்ட் இதை முடித்தது 1828 செப்டம்பரில். நவம்பர் 19 அன்று இறந்தார், வயது 31. அச்சானதே 1839-இல்தான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சொனாட்டா முழுவதையும் பிரியாவிடை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அதே நவம்பர் தொடக்கத்தில் அவர் இசை ஆசிரியர் சீமோன் ஸெக்டரிடம் கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னும் கலை) பாடத்துக்குப் போயிருக்கிறார். மூட்டை கட்டும் ஆள் புதிதாகப் பாடத்தில் சேருவாரா? கடைசிப் பகுதியைப் பாருங்கள்: வெறும் ஜி சுரத்தை ஆக்டேவில் (ஒரே சுரத்தை மேலும் கீழுமாகச் சேர்த்து) ஓங்கி அடித்து, சி மைனருக்குப் போவதுபோல் பாவலா காட்டி, பி ஃப்ளாட்டுக்கு நழுவுகிறது. அதையே மறுபடி மறுபடி செய்கிறது. விளையாட்டுதான்.

துக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு பங்கு அந்த ஜி ஃப்ளாட்டிலிருந்து. அது மறுக்க முடியாதது. இன்னொரு பங்கு ரிக்டர் போட்டது. 1957-இல் மாஸ்கோவில் அவர் இதை வாசிக்கக் கேட்ட கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், ஷூபர்ட்டின் நீளம் தமக்கு ஆகாது என்றிருந்தவர், அந்த வேகத்தில் மயங்கிப் போனதாகச் சொல்லியிருக்கிறார். மயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இதையே ‘சரியான வேகம்’ என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். நாளை இன்னொரு பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலின் 1939 பதிவு.