புழுக்கத்தை அளக்கச் சதவீதம் உதவாது

மே மாதச் சென்னை. விடிகாலையில் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். பிற்பகலில் 36 டிகிரி, 54 சதவீதம். காற்று காய்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். காயவில்லை, இரண்டு வேளையும் காற்றில் இருக்கும் நீராவி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சூடு ஏறினால் காற்றின் கொள்ளளவு கூடும், அதனால் சதவீதம் இறங்கும், அவ்வளவுதான்.

உடம்புக்குப் புரியும் கணக்கு பனிநிலை. காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் முத்துமுத்தாகப் படியத் தொடங்குகிறதோ, அதுதான் பனிநிலை. மேலே சொன்ன இரண்டு வேளைக்கும் அது 25 டிகிரி. வானிலைச் செயலிகளில் 'ட்யூ பாயிண்ட்' என்று இருக்கும். இல்லையென்றால் மனக்கணக்கே போதும்: 100இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 28, 85 என்றால் 28லிருந்து 3 போக 25. ஈரப்பதம் 50க்குக் கீழே போனால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். 40 டிகிரி, 25 சதவீதத்துக்குப் போட்டால் 25 என்று வரும், உண்மையில் 16தான்.

நம் தோல் ஏறக்குறைய 35 டிகிரி. அந்தச் சூட்டில் வியர்வையின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகும் நீர் தரும் அழுத்தம், 56 மில்லிபார். பனிநிலை 16 உள்ள காற்றில் ஆவியழுத்தம் 18, வித்தியாசம் 38. பனிநிலை 26 என்றால் காற்றிலேயே 34, வித்தியாசம் 22தான். வியர்வையை உலர்த்தும் இழுப்பு நாற்பது சதவீதம் போய்விடுகிறது. மதியம் கடற்காற்று நுழைந்து வெயில் 40லிருந்து 36க்கு இறங்கியும் சட்டை முதுகோடு ஒட்டுவது இதனால்தான். 2003 ஜூலை 8 அன்று சவுதியின் தஹ்ரானில் பனிநிலை 35 வரை போனது. அந்தக் காற்றில் தோலிலிருந்து வியர்வை உலரவே உலராது.

மேலைநாட்டு அட்டவணைகள் பனிநிலை 18ஐத் தாண்டினாலே கசகசப்பு என்கின்றன. கடலோரத்தில் பழகியவர்களுக்கு 20 என்பது சுகமான நாள். 24க்கு மேல் நசநசப்பு, 26க்கு மேல் மின்விசிறிக்கு அடியிலும் வியர்வை நிற்காது.

வீட்டிலேயே அளக்கலாம். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சாதாரணத் தண்ணீர் பாதி ஊற்றி, தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள். ஐஸைச் சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் மங்கும் கணத்தில் ஓர் அளவு, ஐஸ் போடுவதை நிறுத்தித் தண்ணீர் சூடேறி மங்கல் மறையும்போது இன்னோர் அளவு, இரண்டுக்கும் சராசரி. ஐஸை மொத்தமாகக் கொட்டினால் சரியான புள்ளியைத் தாண்டிவிடும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மூச்சுக்காற்றே டம்ளரை மங்கவைக்கும்.

ஏ.சி. குளிர்விப்பதோடு நீரையும் பிழிகிறது, அதன் 'காயில்' எனும் குளிர்க்குழாய்ச் சுருள் பனிநிலைக்கு வெகு கீழே இருப்பதால். 120 சதுர அடி அறைக்கு 2 டன் மாட்டினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், நீர் பிழிய நேரமே கிடைக்காது. நின்ற பிறகும் உள்விசிறி ஓடினால் காயிலில் இருக்கும் ஈரம் அறைக்கே திரும்பும். குளிர்கிறது, ஆனாலும் பிசுபிசுக்கிறது என்பவர்களின் நோய் பெரும்பாலும் இதுதான். 18இல் வைப்பது மருந்தல்ல. மழைக்காலத்தில் 'டிரை' முறை, மற்ற நாளில் 26 வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது நல்லது. புழுக்கமான நாளில் வெளிக்குழாயில் தண்ணீரே சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறதா, கேஸ் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் கூலர் வாங்கப்போகிறவர்கள் கோடை மதியத்தின் பனிநிலையை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். 18க்குள் இருந்தால் வாங்கலாம், ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்ட வேண்டும். 24ஐத் தாண்டும் கடலோர ஊரில், மூடிய அறையில் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் தலையணை உறையும் ஈரமாகிவிடும்.