சந்திரநாகூர்: வரிசையில் ஐந்தாவது ஊர்

இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்களின் வரிசை புதுச்சேரியில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு மனப்பாடம்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். முதல் நான்கும் இன்றும் ஒரே ஒன்றியப் பிரதேசமாக இருக்கின்றன. ஐந்தாவது ஊர் வங்காளத்தோடு சேர்ந்துவிட்டது. அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே ஆசை. இந்தக் குளிர்காலத்தில்தான் கைகூடியது.

ஹவுராவில் பண்டேல் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சந்தன்நகர். இன்றைய பெயர் அதுதான். ஸ்டேஷனிலிருந்து பேட்டரி ரிக்‌ஷாவில் ஆற்றங்கரைக்கு வந்து இறங்கியதும் ஒரு கணம் திகைத்து நின்றேன். கடலுக்குப் பதிலாக ஹூக்ளி ஆறு; மற்றபடி எங்கள் கடற்கரைச் சாலையின் உடன்பிறப்பு போல இருந்தது அந்த ஸ்ட்ராண்ட் சாலை.

நான் தேடி வந்த கல்லூரி அந்தச் சாலையிலேயே இருக்கிறது. 1862இல் செயின்ட் மேரி பள்ளியாகத் தொடங்கி, 1901இல் துய்ப்ளேக்சின் பெயரைச் சூட்டிக்கொண்ட கல்வி நிலையம். புதுச்சேரிக்கு ஆளுநராக வருவதற்கு முன் துய்ப்ளேக்ஸ் பத்தாண்டுகள் இந்த ஊரைத்தான் நிர்வகித்தார். இப்போது அது சந்தன்நகர் அரசுக் கல்லூரி. பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக் காலத்து ஊரைப் பற்றியும், ஃபராஸ்டாங்கா வேட்டிக்குப் பெயர்போன இந்த ஊர் நெசவைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் என் கால்கள் நின்றது புரட்சியாளர்களின் முகங்களுக்கு முன்னால். கூடவே வந்த கல்லூரி மாணவி ஒரு படத்தைக் காட்டி, “தீதி (அக்கா), இவர் எங்கள் கானாயிலால்” என்றாள். “எங்கள்” என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

கானாயிலால் தத் 1888இல் ஜன்மாஷ்டமியன்று இந்த ஊரில் பிறந்ததால் கண்ணன் பெயரைப் பெற்றவர், இங்கே படித்தவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாகப் புரட்சியாளர்கள் மீது தொடுக்கப்பட்ட அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதானார். அந்த வழக்கில் நரேந்திரநாத் கோஸ்வாமி அப்ரூவராக மாறியபோது, 1908 ஆகஸ்ட் 31 அன்று, கானாயிலாலும் சத்தியேந்திரநாத் போஸும் அவரைச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். மேல்முறையீடு வேண்டாம் என்று கானாயிலால் மறுத்துவிட்டார். நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். வயது இருபது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் கல்கத்தாவே திரண்டதைப் பார்த்து அரசாங்கம் மிரண்டது. சில நாட்களில் சத்தியேந்திரநாத் தூக்கிலிடப்பட்டபோது உடலை உறவினரிடம் கொடுக்கவில்லை.

இதே வகுப்பறைகளில்தான் ராஷ் பிஹாரி போஸும் படித்தார். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு மீது குண்டு வீசும் திட்டத்தை வகுத்து, பிறகு ஜப்பானுக்குத் தப்பி, அங்கிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்திட்டவர். மலேயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த நம் தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய கதையின் ஒரு நுனி இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றை ஊட்டியவர் ஆசிரியர் சாருசந்திர ராய். 1908இல் அவரும் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் சுதேசிக் கூட்டத்துக்குத் தடை விதித்த மேயர் வீட்டில் குண்டு வீசப்பட்டது. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் இங்கே செல்லாது என்பதால் துப்பாக்கி வாங்குவதும் எளிதாக இருந்தது. விளைவு, கல்லூரி வகுப்புகளை நிர்வாகம் நிறுத்திவிட்டது. மீண்டும் தொடங்கியது 1931இல்தான். இருபத்துமூன்று ஆண்டுகள்! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சுக் குடியரசு, அதை நம்பிய மாணவர்களின் கல்லூரிக்குப் பூட்டுப் போட்டது. எவருடைய பெயரைச் சொல்லி வகுப்புகளை மூடினார்களோ, அவர்களுடைய படங்கள் இன்று அதே கல்லூரியின் சுவரில் இருக்கின்றன. அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் கைகாட்டி, அரவிந்தர் படகில் வந்ததைச் சொன்னாள் அந்தப் பெண். 1910 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து இரவோடு இரவாக வந்தவருக்கு இந்த ஊர்க்காரர் மோதிலால் ராய் அடைக்கலம் கொடுத்தார். ஒன்றரை மாதம் மறைந்திருந்தார். அதன்பின் கல்கத்தாவில் கப்பல் ஏறி ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் இறங்கினார். அந்தக் கப்பலின் பெயரும் துய்ப்ளேக்ஸ்தான்.

“நான் புதுச்சேரிக்காரி” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கல்லூரி மூடப்பட்ட அதே 1908இல்தான் எங்கள் கவிஞர் பாரதியும் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார், பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார் என்று சொன்னேன். அவர் வாழ்ந்த வீடு இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். நினைவு இல்லமாகவே வைத்திருக்கிறோம் என்றேன்.

தெருப் பெயரைக் கேட்டு நோட்டைத் திறந்தாள். “ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு” என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டாள். “கோயில்” மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.