ஹெட் வேலை முடிந்த வண்டி

இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அப்பாவின் டீசல் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பத்து நாள் கழித்துத் தந்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மேடு ஏறினால், பர்லியாறு வருவதற்குள் சூடு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் பால் காப்பி நிறத்தில் பிசுபிசுவென்று படிந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

போன வாரம் வேறொரு மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். அதன் முகத்தில் நேர்ப்பட்டையை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டார். 0.15 மி.மீ. தகடு தடையே இல்லாமல் உள்ளே போனது; ஹெட் அந்த அளவுக்கு வளைந்திருந்தது. முகத்தைச் சீவிச் சமமாக்க (அதுதான் ஃபேஸிங்) லேத்துக்கே அனுப்பாமல் புது கேஸ்கட்டை மட்டும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். போல்ட்டும் பழையதுதான். ஆனால் பில்லில் ‘ஹெட் ஃபேஸிங்’ என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா அந்த வண்டியை நம்பித்தான் தினமும் மலை ஏறுகிறார்.

இந்த முறை ஃபேஸிங் என் கண் முன்னால் நடந்தது. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் பார்த்தாச்சு. புது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சுற்றுச் சுற்றாக இறுக்கினார்.

சரி, பழைய பில்லும் போட்டோக்களும் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பணத்தைக் கேட்கப்போகிறேன். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.