தோரணத்தின் பின்னால் சுழலும் உருளை

பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் கொழும்பில் எழுப்பப்படும் பெரிய தோரணங்களை நாம் எல்லோரும் முன்னால் நின்றுதான் பார்க்கிறோம். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதையொன்றின் காட்சிகள் தீட்டப்பட்ட பலகைகளும், அவற்றைச் சுற்றி ஓடியும் விரிந்தும் அடங்கும் ஆயிரக்கணக்கான வண்ண மின்குமிழ்களும், ஒலிபெருக்கியில் கதை சொல்லிச் செல்லும் குரலும் நம்மை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. ஆனால் தொழில்நுட்பமும் கலையும் ஒன்றாகும் படைப்பு எது என்று என்னிடம் கேட்பவர்களை நான் தோரணத்தின் பின்புறத்துக்குத்தான் அனுப்புவேன்.

பழைய முறையில் அமைந்த தோரணத்தின் பின்னால் ஓர் உருளை சுழன்றுகொண்டிருக்கும். அதன்மேல் உலோகத் தகட்டுத் துண்டுகள் வெவ்வேறு நீளங்களில், வெவ்வேறு இடைவெளிகளில் அறையப்பட்டிருக்கும். உருளையின்மேல் அழுத்தியபடி வரிசையாக நிற்கும் தொடுகைகளில் (மின் இணைப்பு முனைகளில்) ஒன்று தகட்டின்மேல் ஏறும்போது மின்சுற்று மூடப்பட்டு, அந்தத் தொடுகைக்குரிய குமிழ்கள் எரியும். தகடு முடிந்ததும் அணையும். நீண்ட தகடு நீண்ட ஒளியாகிறது. அடுத்தடுத்த தொடுகைகளின் கீழே ஒரே அளவான துண்டுகளைச் சற்றுச் சற்றுத் தள்ளி அறைந்தால், ஒளி ஓடுவதுபோல் தெரிகிறது. ஓர் இரவு முழுவதும் மக்கள் வியந்து பார்க்கும் நடனம் அத்தனையும் அந்த உருளையின் மேற்பரப்பில் ஆணிகொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் சிந்தனை மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் தாமாக இசைக்கும் குழல் ஒன்றை விவரித்தபோது, எந்தத் துளை எப்போது திறக்க வேண்டும் என்பதை, சுழலும் உருளையில் பதித்த முனைகளிடமே விட்டார்கள். நம் தோரணக் கலைஞர்கள் அதே முறையை ஒளிக்குப் பயன்படுத்தினார்கள். நான் இங்கே வலியுறுத்த விரும்புவது உருளையின் ஒரு குணத்தை மட்டுமே: காரணமும் விளைவும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. எழுத்தறியாத பிள்ளையும் அதைப் பார்த்து, "இந்தத் தகடு வந்தால் அந்தச் சிவப்பு எரிகிறது" என்று சொல்லிவிடும்.

இன்று அந்த உருளையின் வேலையை உள்ளங்கையளவுப் பலகை ஒன்று செய்துவிடுகிறது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்லூரியொன்றில் உருவான ஆர்டுயினோ என்ற அத்தகைய பலகை, மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கலைஞர்களும் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு முன்னோடியான வயரிங் என்ற அமைப்பை ஹெர்னாண்டோ பராகான் அதே கல்லூரியில் 2003இல் தொடங்கியிருந்தார். ஆர்டுயினோ ஊனோ R3 பலகையில் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி, அதாவது நிரலை இயக்கும் சில்லு, 16 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. நிரலுக்கு 32 கிலோபைட் இடம் தருகிறது. தோரண உருளையொன்றின் கோலத்தை அதற்குள் அடக்குவது மிக எளிது. ஆயினும், நிரல் சில்லுக்குள் போனதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விளக்குகள் அழகாக எரிகின்றன. ஏன் எரிகின்றன என்பது பார்ப்பவருக்கு எட்டுவதில்லை. கண்காட்சிகளில் வைக்கப்படும் பல ஊடாட்டப் படைப்புகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். ஓர் உணரி, ஒரு நீள எல்.இ.டி. பட்டை, முன்னால் நின்று கையசைத்துவிட்டு எதுவும் விளங்காமல் நகரும் மனிதர்.

இழந்த அந்தத் தெளிவை வேறு வழியில் மீட்டவர்கள் இருக்கிறார்கள். கலைஞர் டேனியல் ரோசின் 1999இல் செய்த ‘மரக் கண்ணாடி’ என்ற படைப்பில் 830 மரத் துண்டுகளும், ஒவ்வொன்றையும் சாய்க்கத் தனித்தனி மோட்டார்களும் உள்ளன. நடுவில் மறைந்திருக்கும் கமரா எதிரே நிற்பவரைப் பார்க்க, கணினி ஒவ்வொரு துண்டையும் மேலோ கீழோ சாய்க்கிறது. வெளிச்சத்தை நோக்கிய மரம் வெளிறியும், விலகிய மரம் கருத்தும் தெரிய, பார்ப்பவரின் உருவம் மரத்திலே எழுகிறது. கணினி இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அசைந்தால் மரமும் அசைகிறது, அசையும் சத்தமும் கேட்கிறது. 1920ஐ ஒட்டி ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் லெவ் தெரமின் உருவாக்கிய, அவர் பெயராலேயே அழைக்கப்படும் இசைக்கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதைத் தொடாமலே வாசிக்கிறார்கள். வாசிப்பவரின் கைக்கும் உலோகத் தண்டுக்கும் இடையிலான மின்கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாற, சுருதியும் மாறுகிறது. அங்கே மனித உடலே சுற்றின் ஓர் உறுப்பு.

வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் நான் செய்துவரும் சிறு கருவி இந்த இரண்டு படைப்புகளையும் நினைத்தே தொடங்கியது. கையால் சுற்றும் பிவிசி குழாய் உருளை, அதன்மேல் ஒட்டிக் கழற்றக்கூடிய செப்பு நாடா, எட்டுத் தொடுகைகள். அவை வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றைத் தொடுவதேயில்லை. ஊனோவின் 5 வோல்ற்றுக்கு மட்டுமே ஆளியாக இருக்கின்றன. தொடுகை மூடியதும் ஊனோ ஒரு சிறு சேர்வோ மோட்டாரை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டாரை) திருப்ப, காகிதத் தாமரையின் ஓர் இதழ் திறக்கிறது. பொருட்கள் அனைத்தும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைத்தவை.

இப்படிச் செய்ய விரும்புவோருக்குச் சில விடயங்கள். சேர்வோக்களுக்கு ஊனோவின் 5 வோல்ற் முனையிலிருந்து மின் எடுக்கக்கூடாது. பல மோட்டார்கள் ஒன்றாகத் திரும்பும்போது மின்னழுத்தம் விழுந்து பலகை மீளத் தொடங்கிவிடும். தனி மின்வழங்கி வைத்து, இரண்டின் தரை (GND) முனைகளையும் இணைக்க வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடும் கணத்தில் தொடுகை சில மில்லிசெக்கன்கள் துள்ளும். அந்தத் துள்ளலை நிரலில் புறக்கணிக்காவிட்டால் இதழ் நடுங்கும். கடலோரத்தின் உப்புக்காற்றில் செப்பு விரைவில் மங்குவதால் அவ்வப்போது துடைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது தாமதம்: கை அசைந்து செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏதாவது நிகழ்ந்தால்தான் அதை நிகழ்த்தியவர் தானே என்று மனிதர் உணர்கிறார். அதனால் இதழ் மெதுவாகத் திறந்தாலும், திறக்கத் தொடங்குவது உடனே இருக்க வேண்டும்.

எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகளில் ஒருத்தி நாடாவைத் தானே வெட்டி ஒட்டிவிட்டு, "மாமா, நான் இதைக் கழற்றினால் இந்தப் பூ மறந்திடுமா?" என்று கேட்டாள். நிரல் என்றால் என்ன என்பதை யாரும் விளக்காமலே அவள் பிடித்துக்கொண்டாள். உருளையை நான் கைவிடாமல் வைத்திருப்பதற்கு அந்தக் கேள்வி போதும்.

டிஜிட்டல் கட்டுப்படுத்திகள் வந்த பிறகு உருளைகள் குறைந்து வருகின்றன. ஓர் உருளையைச் சுற்றி மெல்லிய காகிதத்தைப் போர்த்திப் பென்சிலால் தேய்த்தால், தகடுகளின் வடிவம் முழுவதும் காகிதத்தில் பதியும். காகிதத்தை விரித்தால் அது ஓர் அட்டவணை: குறுக்கே தொடுகைகள், நெடுக்கே நேரம். எட்டுத் தொடுகைகள் என்றால், ஒரு கணத்தின் ஒளிக்கு ஒரு பைட், அதாவது எட்டு 0 அல்லது 1, போதும். தோரணம் கட்டும் குடும்பங்கள் எவரையாவது நீங்கள் அறிந்திருந்தால், மின் இணைப்பைத் துண்டித்திருக்கும் பகற்பொழுதில், அவர்களின் அனுமதியோடு, இப்படிப் பிரதியெடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, உருளை ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை செக்கன் என்பதையும் அதன் ஓரத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நிரலாக மாற்றி அந்தக் குடும்பத்தின் பெயரோடு இங்கே பதிவிடுகிறேன்.