நான் இல்லாத ஐந்து வாரம்

பெண் பார்க்கப் போன வீட்டில் பெரியவர் கேட்டார்: "தம்பி என்ன பண்றீங்க?"

"ஊழியம்."

"எந்தச் சபையில?"

"சபை இல்லைங்கய்யா. காலேஜ் பிள்ளைங்க மத்தியில."

"அப்போ காலேஜ்ல வேலையா?"

"இல்லைங்கய்யா, காலேஜுக்கு வெளியில."

அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெளியிலன்னா?" என்றார். டீக்கடை என்று சொல்லியிருக்கலாம். பாதி வேலை அங்கேதான் நடந்தது. நான் சும்மா சிரித்து வைத்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

1996 ஜூனிலிருந்து ஒன்பது வருஷம் மதுரையில் யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் ஊழியனாக இருந்தேன். கல்லூரியில் மாணவர்கள் தாங்களே நடத்துகிற குழுவுக்கு இ.யு. என்று பெயர். படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் கூடுவது இ.ஜி.எஃப். அந்தப் பட்டதாரிகள் தரும் காணிக்கையில்தான் ஊழியம் ஓடும். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாதம் தவறாமல் ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்புவார். அடித்துண்டில் இரண்டு வரி இருக்கும்: "செமஸ்டர் நேரம். பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறேன்." ரூபாயை வாங்கிக்கொண்டு துண்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். போஸ்ட்மேனுக்கே என் வருமானக் கணக்கு முழுசாகத் தெரியும்.

இந்த வேலைக்குப் பெரிய வம்சாவளி உண்டு. பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு என்பதால் தூங்கி வழிந்தேன். பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் தூக்கம் கலைந்தது. 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியில் ஜெபிக்கப் போன இடத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வைக்கோல் போரின் ஓரமாக ஒதுங்கி அங்கேயே ஜெபத்தை முடித்தார்கள். ஆசியாவுக்கு நற்செய்தி போக வேண்டும் என்பது அன்றைய பேச்சு. அதிலிருந்து 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் பிறந்தது. 1816இல் அதன் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1834இல் அங்கிருந்து மதுரைக்கு வந்தார்கள். 1881இல் அவர்கள் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. கோரிப்பாளையத்தில் பஸ் இறங்கி அந்தச் சிவப்புக் கட்டடங்களைத் தினமும் தாண்டிப் போன எனக்கு, ஐந்து மாணவர்கள் மழைக்கு ஒதுங்கிய கதை அதன் அடியில் கிடப்பது தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு தடவையும் பொறி பறந்திருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக மாணவர்கள், இளைஞர்கள் நடுவே வேலை செய்த வி.எஸ். அசரியா 1902இல் அங்கே போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரி அனுப்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது.

மாணவர்கள் பக்கமும் அந்தக் காலத்தில் எல்லாம் வேகமாக நடக்கிறது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1877இலேயே தங்கள் ஐக்கியத்தை அமைத்துவிட்டார்கள். 1895இல் ஸ்வீடனின் வாட்ஸ்டெனா கோட்டையில் ஜான் மாட் முதலானவர்கள் உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனத்தைத் தொடங்கினார்கள். 1912இல் இந்தியாவில் எஸ்.சி.எம். என்ற மாணவர் கிறிஸ்தவ இயக்கம் வந்தது. இதற்கிடையில் வீடு இரண்டுபட்டிருந்தது. வேதாகமத்தின் அதிகாரம் பற்றிய விவாதத்தில், 1910இல் கேம்பிரிட்ஜ்காரர்கள் பிரிட்டனின் எஸ்.சி.எம்.மிலிருந்து பிரிந்தார்கள். பிரிந்த அந்தக் கிளையின் வழியில்தான் 1947இல் ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலக அமைப்பும் 1954இல் யு.இ.எஸ்.ஐ.யும் வந்தன. விலங்கியல் பேராசிரியர் எச். ஏனோக், பொதுச் செயலாளராக இருந்த பி.டி. சந்தப்பிள்ளை ஆகியோரின் பெயர்களைச் சொல்லாமல் எங்கள் முகாம் எதுவும் முடிந்ததில்லை.

இந்தப் பாகப்பிரிவினையில் இரண்டு பக்கமும் எதையோ விட்டுவிட்டுப் போனது என்றே எனக்குத் தோன்றும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷத்தில் பாவத்தைப் பற்றி எத்தனையோ படிப்பு நடத்தினேன். சாதியைப் பற்றி ஒன்றுகூட நடத்தவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் தைரியம் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்கள் வேதபாடம் பிரசங்கம் இல்லை. ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு பகுதியை வாசிப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பொருள், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று படியில் போகும். நடத்துகிறவன் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எழுதிக் காட்டினால் சுலபம்தான். கேள்வி கேட்டுவிட்டு இருபது வினாடி வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள், தெரியும். என்னால் ஐந்து வினாடி தாங்காது, நானே பதிலையும் சொல்லிவிடுவேன்.

என் பொறுப்பில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், முப்பது பேர். வாரத்துக்கு இரண்டு நாள் போவேன். பாட்டுத்தாள் நகலெடுப்பது, பாய் விரிப்பது, படிப்பு நடத்துவது எல்லாம் நான்தான். மாதக் கடிதத்தில் அந்தக் குழுவைப் பற்றித்தான் பெருமையாக எழுதுவேன். இன்னொன்று ஒரு கலைக் கல்லூரியில், மொத்தமே ஆறு பேர். இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை தலைகாட்டுவேன்.

1999 அக்டோபரில் எனக்கு மஞ்சள் காமாலை. ஊருக்குப் போய்க் கீழாநெல்லியும் மோரும் பத்தியச் சோறுமாக ஐந்து வாரம் கிடந்தேன். படுத்தபடி ஜெபித்ததெல்லாம் முப்பது பேருக்காகத்தான்.

திரும்பி வந்து நேரே பொறியியல் கல்லூரிக்குப் போனேன். ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட அவர்கள் கூடவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போய்விடவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள்: "அண்ணன் வரட்டும்னு இருந்தோம்." நான் மூன்று வருஷம் உழைத்துக் கட்டியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் மறுநாள் கலைக் கல்லூரிக்குப் போனேன். மைதானத்துக்குப் பின்னால் புங்கை மரத்தடியில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளராக இருந்த தங்கச்சி, பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் நீட்டினாள். தேதி, வேதபகுதி, வந்தவர்கள், நடத்தியவர், ஜெபக்குறிப்பு என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ஓரத்தில் கணக்கு: பிஸ்கட் 6 ரூபாய், மெழுகுவத்தி 2 ரூபாய். மெழுகுவத்தி எதற்கு என்று கேட்டேன். சாயங்காலம் இருட்டிவிட்டதாம், படிப்பை நிறுத்த மனசில்லையாம்.

மூன்றாவது வாரம் மாற்கு 4, கடல் புயல். நான் காமாலைக்கு முன்பே குறிப்பு எழுதிக் கொடுத்திருந்த பகுதி. அவர்கள் என் குறிப்பைத் தொடவேயில்லை. "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்" என்ற வசனத்தில், பின்னணியம் என்றால் என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு கடல்புறத்துத் தம்பி அன்றைக்குப் பேசியிருக்கிறான். அணியம் என்றால் படகின் முன்பக்கம், அலை முதலில் அடிப்பது அங்கேதான், பின்னணியம் என்பது சுக்கான் பிடிக்கிற பக்கம் என்று சொல்லியிருக்கிறான். "அப்போ சுக்கான் பக்கத்துலதான் தூங்கியிருக்காரு" என்று ஒருத்தி சொல்ல, அதன் மேலேயே முக்கால் மணி நேரம் பேச்சு போயிருக்கிறது. நோட்டில் இதெல்லாம் நாலு வரியில் இருந்தது. அந்த வசனத்தை நான் பத்துத் தடவையாவது நடத்தியிருப்பேன். அந்த வார்த்தையில் ஒரு தடவைகூட நின்றதில்லை.

அந்தத் தம்பி பிற்பாடு ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மாமூலில் தன் பங்கை வேண்டாம் என்றதற்காக இரண்டு வருஷத்தில் மூன்று இடம் மாற்றினார்கள் என்று கடிதம் எழுதினான். எனக்கு வந்த கடிதங்களில் அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மணியார்டர் அனுப்புகிறவர்கள் பட்டியலில் அவனும் சேர்ந்தான், இருபத்தைந்து ரூபாய்.

அன்று சாயங்காலம் நோட்டை ஒரு தடவை படித்துவிட்டு, அறையில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம் என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கூட்டம் கலைந்து கேட்டைத் தாண்டியிருப்பேன், தங்கச்சி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணே, நோட்டைக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் எழுதணும்."

கொடுத்தேன்.