‘சார், ஒரு ப்ராப்ளம் குடுங்க’

பிஎச்டி சேர வருகிறவர்களில் நிறையப் பேர் கிராஃப் தியரிதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எம்எஸ்ஸியில் டோபாலஜியும் ஃபங்ஷனல் அனாலிசிஸும் படுத்திய பாட்டுக்கு, புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பாடமாவது இருக்கிறதே என்ற நிம்மதி. அதில் தப்பே இல்லை, நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். தென்மாவட்டக் கல்லூரிகளில் கணிதத் துறைப் பக்கம் போனால் ஏதாவது ஓர் அறையில் லேபிளிங்கோ (புள்ளிகளுக்கு ஒரு விதிப்படி எண் போடுவது) டாமினேஷனோ (மற்ற எல்லாப் புள்ளிகளையும் கோட்டால் தொடும்படி கொஞ்சம் புள்ளிகளைப் பொறுக்குவது) ஓடிக்கொண்டிருக்கும். அப்படிச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே கேட்பது, “சார், ஒரு ப்ராப்ளம் குடுங்க.”

கொடுக்கிறது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு லேபிளிங்கின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கிராஃப் குடும்பத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் (ஏணி, சக்கரம், விசிறி என்று கடை விரித்தாற்போல் கிடக்கும்), இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒரு தலைப்பு. நம்பர் போட ஒரு ஃபார்முலா கண்டுபிடித்து, இரட்டைப்படைக்கு ஒரு கேஸ், ஒற்றைப்படைக்கு ஒரு கேஸ் என்று பிரித்தால் பேப்பர் ரெடி. அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் கேலியன் 1990-களின் இறுதியிலிருந்து இந்த லேபிளிங் முடிவுகளையெல்லாம் ஒரே ஆவணமாகத் தொகுத்து வருகிறார். அது இன்று 600 பக்கங்களுக்கு மேல் போய்விட்டது, லேபிளிங் வகைகளே 200-க்கு மேல். அதில் நம் ஊர்ப் பெயர்கள் ஏராளம். பெருமைப்படவும் செய்யலாம், கொஞ்சம் யோசிக்கவும் செய்யலாம்.

யோசிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த லேபிளிங் வெறும் விளையாட்டாகப் பிறந்தது இல்லை. 1963-ல் ஜெர்மானியர் கெர்ஹார்ட் ரிங்கல் ஒரு கேள்வி கேட்டார். n கோடுகள் உள்ள ஏதாவது ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் என்றால் எங்கேயும் சுற்று இல்லாமல் ஒரே துண்டாக இருக்கும் கிராஃப், அவ்வளவுதான். 2n+1 புள்ளிகளை எல்லாவற்றோடும் எல்லாவற்றையும் இணைத்து வைத்தால், அந்த மொத்தக் கோடுகளையும் அதே மரத்தின் பிரதிகளாகப் பிரித்துவிட முடியுமா? இதைப் பிடிக்கத்தான் 1967-ல் அலெக்சாண்டர் ரோசா, இன்று கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்று நாம் சொல்வதைக் கொண்டுவந்தார். மரத்தின் புள்ளிகளுக்கு 0 முதல் n வரை ஆளுக்கொரு எண், கோட்டின் இரு முனை எண்களின் வித்தியாசம் 1 முதல் n வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வர வேண்டும்.

நாலு கோடுகள் உள்ள நேர்வரிசைக்கு 0, 4, 1, 3, 2 என்று போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 4, 3, 2, 1. இப்போது ஒரு வட்டத்தில் 0 முதல் 8 வரை ஒன்பது புள்ளிகள் வைத்து, இந்த வரிசையை அந்தந்த எண்ணில் வரைந்துகொள்ளுங்கள். வட்டத்தில் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் 1, 2, 3, 4-ல் ஏதோ ஒன்றுதான், ஒவ்வொரு தூரத்திலும் சரியாக ஒன்பது ஜோடிகள். படத்தை ஒவ்வொரு புள்ளியாக ஒன்பது தடவை சுழற்றினால் 36 கோடுகளும் ஒன்றுகூட இரட்டிக்காமல், ஒன்றுகூட விடுபடாமல் வந்துவிடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது லேபிளிங்கில் ஏற்கெனவே பேப்பர் போட்டவர்களே “ஓ, இதுக்குத்தானா சார் இது?” என்று கேட்டிருக்கிறார்கள். 2020-ல் மான்ட்கோமரி, போக்ரோவ்ஸ்கி, சுடகோவ் மூன்று பேரும் n போதுமான அளவு பெரிதாக இருந்தால் ரிங்கல் சொன்னது சரி என்று நிரூபித்தார்கள். அதிலும் அடியில் ஓடுவது இதே சுழற்றல்தான். ஆனால் எல்லா மரமும் கிரேஸ்ஃபுல்லா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

புதிதாகப் பிறக்கும் பல லேபிளிங்குகளுக்கு இப்படிச் சுழற்ற ஒரு வட்டம் இல்லை, அதுதான் என் குறை. டெஃபனிஷனில் ‘வித்தியாசம்’ இருந்த இடத்தில் ‘கூட்டல்’ போடு, அப்புறம் ‘பெருக்கல்’ போடு, அதற்கு ஒரு புதுப் பெயர் வை. பணம் கட்டினால் பத்தே நாளில் அக்செப்டன்ஸ் அனுப்பும் ஜர்னல்கள் வேறு இருக்கின்றன. ஆனால் ஸ்காலர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்பதை யூஜிசி 2022-ல் எடுத்துவிட்டாலும், நாளைக்கு உதவிப் பேராசிரியர் இன்டர்வியூவில் “ஸ்கோபஸ் எத்தனை?” என்று, அந்த ஜர்னல் பட்டியலில் வந்த பேப்பர்களை எண்ணிக் கேட்கப் போகிறவர்கள் நாம்தானே.

சரி, நல்ல ப்ராப்ளம் எங்கே கிடைக்கும்? என் அனுபவத்தில் அது கொடுத்து வாங்குகிற பொருள் இல்லை. நேரான ஒரு நிரூபணத்தை எழுதிப் பார்த்து, அது எந்த இடத்தில் இடிக்கிறதோ அந்த இடத்தில்தான் கிடக்கும். என்னிடம் இப்போது இருக்கும் ஸ்காலர் ஒருத்தி ஒருநாள் கேட்டாள் (இலை என்றால் ஒரே ஒரு கோடு மட்டும் வந்து சேரும் நுனிப் புள்ளி): “சார், எந்த மரத்துலயும் ஒரு இலையைக் கிள்ளிட்டா மிச்சம் சின்ன மரம்தானே? அதுக்கு நம்பர் போட்டுட்டு இலையைத் திரும்ப ஒட்டிடலாமே? இண்டக்‌ஷன்லயே முடிஞ்சிடணுமே?” நான், “ஒட்டும்மா, எங்கே ஒட்டுவே?” என்றேன். இலை ஒட்ட வேண்டிய புள்ளியில் 0 இருந்தால் போதும், புது இலைக்கு அடுத்த பெரிய எண்ணைக் கொடுத்துவிடலாம், வித்தியாசமும் புதியதாகவே வரும். அப்படியென்றால் எந்த மரத்தின் எந்தப் புள்ளியிலும் 0-ஐ உட்காரவைக்க முடியும் என்று காட்டினால், ரோசாவின் காலத்திலிருந்து உதைத்துக்கொண்டிருக்கும் ‘எல்லா மரமும் கிரேஸ்ஃபுல்’ என்ற கான்ஜெக்சர் (நிரூபணம் இல்லாத ஊகம்) ஒரே பத்தியில் முடிந்துவிடும்.

இரண்டு நாளில் நோட்டோடு வந்தாள், முகம் தொங்கிப்போய். ஆறே புள்ளி மரம் ஒன்று. நடுவில் ஒரு புள்ளி, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி, ஒரு பக்கத்துப் புள்ளிக்கு இரண்டு இலை, மற்றதற்கு ஓர் இலை. நடுவில் 0 வைத்தால் எப்படிப் போட்டாலும் வரவில்லை. வராது. வித்தியாசம் 5 வேண்டும் என்றால் 0-வுக்கு அடுத்து 5 இருந்தாக வேண்டும், ஆகவே இரண்டு பக்கத்தில் ஒன்று 5. வித்தியாசம் 4 வருவதற்கு ஒன்று மறுபக்கம் 4, இல்லையென்றால் 5-க்கு இலையாக 1. ஆக மொத்தம் நாலு கேஸ், நாலிலும் ஏதோ ஒரு வித்தியாசம் இரண்டு தடவை வந்து தொலைக்கிறது. பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இத்தனைக்கும் அந்த மரம் கிரேஸ்ஃபுல்தான், 0 வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் தோற்றதாக நினைத்தாள். எனக்கோ அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது. எந்தப் புள்ளிகளில் 0 உட்கார மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்பது வெளியிலிருந்து பெயர் வைத்துக் கொண்டுவந்த கேள்வி இல்லை, பெரிய கேள்வியின் வயிற்றிலிருந்து வந்தது. அப்புறம் தேடியதில், 1981-லேயே கணிதவியலாளர்கள் ஃபான் சங்கும் எஃப்.கே. ஹுவாங்கும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்கு இன்னொரு நாள் முகம் தொங்கியது. “ஏம்மா, பெரிய ஆள் ஒருத்தர் கேட்ட கேள்வியை நீயா கேட்டிருக்கே, அழுவாங்களா?” என்று சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

பெரிய கான்ஜெக்சரின் ஒரு மூலையைப் பிடித்து முடிப்பது நம்மூருக்குப் புதிதில்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் க்ளோட் பெர்ஜ் 1960-களின் தொடக்கத்தில், கிராஃப்களுக்கு நிறம் தீட்டுவதைப் பற்றிச் சொன்ன ஸ்ட்ராங் பெர்ஃபெக்ட் கிராஃப் கான்ஜெக்சரை, ஒரு புள்ளியிலிருந்து மூன்றாகக் கிளைக்கும் அந்தக் கோழிக்கால் வடிவம் உள்ளே ஒளிந்திராத கிராஃப்களுக்கு 1976-ல் நிரூபித்தவர்கள் கே.ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும். முழுக் கான்ஜெக்சர் தேற்றமானது 2002-ல்தான், சுட்னோவ்ஸ்கி, ராபர்ட்சன், சீமோர், தாமஸ் நால்வரால். எல்லா கிராஃபையும் பிடிக்க முடியாதபோது எந்த வடிவத்தை விலக்கினால் கைக்கு அடங்கும் என்று பார்ப்பது ஒரு தனிக் கலை. இதை எந்தக் கோர்ஸ்வொர்க்கிலும் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரையும் நம் ஆட்கள் போதுமான அளவு தொடுவதில்லை. பிரெண்டன் மெக்கே எழுதிய, கிராஃப்களைப் பட்டியல் போட்டுத் தரும் நாட்டி என்ற மென்பொருள் இலவசம், பத்துப் புள்ளி கிராஃப்கள் 1,20,05,168-ஐயும் சாதாரண லேப்டாப்பிலேயே கொட்டிவிடும். பதினொன்றுக்குப் போனால் நூறு கோடியைத் தாண்டும், அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். மரமென்றால் கவலையே இல்லை, பத்துப் புள்ளிக்கு 106 மரங்கள்தான். எல்லா மரமும் கிரேஸ்ஃபுல்லா என்பதை 35 புள்ளி வரை 2010-லேயே சரிபார்த்துவிட்டார்கள், ஆகவே நோட்டில் பத்துப் புள்ளிக்கு எதிர்உதாரணம் தேடி ஒரு வருஷத்தைப் போக்க வேண்டாம்.

அவள் இப்போது பைத்தான் கற்றுக்கொண்டு, 0 உட்கார மறுக்கும் புள்ளிகளை மரம் மரமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி (டிசி) மீட்டிங்கில் ஒரு மெம்பர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, இதுல எத்தனை பேப்பர் வரும்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். “ரெண்டு வரும் சார், அதுபோக ஏணி கிராஃபுக்கு ஒரு லேபிளிங் அத்தியாயமும் வச்சிருக்கோம்” என்றேன். அந்த அத்தியாயம் நிஜமாகவே இருக்கிறது. நான்தான் எழுதச் சொன்னேன்.