பயந்த நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போக நான் பட்ட பாடு

அக்காவுக்கு ஹைதராபாத்தில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான்தான் போக வேண்டும். லீவு, ரயில் டிக்கெட் எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டன. சிட்டுவை எங்கே விடுவது என்பதில்தான் உயிர் போய் உயிர் வந்தது.

சிட்டு என் நாய், சிப்பிப்பாறைக் கலப்பு. குக்கர் விசில், பட்டாசு, ஹெல்மெட் போட்ட ஆள் என்று எதைக் கண்டாலும் பயப்படுவாள். நான் அரை மணி நேரம் வெளியே போனாலே கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்வாள். இப்படி ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"ரயிலிலேயே கூட்டிப் போயேன்" என்று நிறைய பேர் சொன்னார்கள். ஏசி முதல் வகுப்பில் ஒரு தனி அறை (கூபே) முழுவதையும் நாமே எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க அந்தத் தடதடப்பில் சிட்டு தனியாக இருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதலில் எங்கள் சேலத்தில் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு போர்டிங், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். போனில் கேட்டபோது "ஊசியெல்லாம் போட்டிருக்கில்ல? கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். நாயை ஏற்ற ஆட்டோக்காரர்கள் யோசிப்பார்கள் என்பது தெரிந்ததே. போக வர வாடகை பேசி, அவள் படுக்கை, தட்டு, அரிசி எல்லாம் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் போய் இறங்கினேன். கவுண்டரில் இருந்த பையன் தடுப்பூசி அட்டையைப் புரட்டினான். வெறிநாய்த் தடுப்பூசி பக்கத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இருக்கிறது, தேதி இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது. சீல் இல்லை.

"சீல் இல்லாம எடுக்க மாட்டோம்."

டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் சீல் வைத்து போட்டோ அனுப்பச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்றான். அப்புறம் அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "கென்னல் காஃப் ஊசியும் இல்லையே" என்றான். அது நாய்க்கு நாய் தொற்றும் ஒரு இருமல். அதுவரை யாரும் அந்தப் பெயரையே சொல்லவில்லை. அவ்வளவு நேரத்தில் என் காலுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்த சிட்டுவை அவன் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

விதி சரியான விதிதான். அதைப் போனிலேயே சொல்லாமல் அலைய விட்டார்களே, அதற்குத்தான் இன்னும் எரிகிறது. நீங்கள் போவதற்கு முன் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது போதுமா?" என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வெறிநாய் ஊசி முதல் தடவை போடுவதென்றால் அது வேலை செய்ய 21 நாள் ஆகும். கென்னல் காஃபுக்கு மூக்கில் விடும் மருந்து ஒரே தவணை, சில நாட்களில் பாதுகாப்பு வந்துவிடும். ஊசியாகப் போட்டால் முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். கிளம்பும் வாரத்தில் போய் நின்றால் எதுவும் நடக்காது.

அடுத்தது ஏற்காடு. "மேலே குளுகுளுன்னு இருக்கும், அங்கே விடு" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே என்று காலையில் சாப்பாடு கொடுக்காமல்தான் கூட்டிப்போனேன், அப்படியும் வாந்தி எடுத்தாள். அந்த போர்டிங்கில் சில்வர் ஓக் மரங்கள், காப்பிச் செடி, பெரிய புல்வெளி எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தன. தடுப்பூசி அட்டையைக் கேட்கவே இல்லை. நம்மிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாயின் வீட்டாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள், அதைக் கவனியுங்கள்.

கூண்டுகள் ஒரே வரிசையில், மேலே தகரக் கூரை. நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே குரங்குக் கூட்டம் ஒன்று அதன் மேல் தடதடவென்று ஓடியது. எல்லா நாயும் சேர்ந்து கத்தின. சிட்டு கத்தவில்லை. வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூக்கை நாக்கால் நக்கினாள், கொட்டாவி விட்டாள், மறுபடி நக்கினாள். அவள் கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரிந்தது. "பாப்பாவுக்குத் தூக்கம் வருதுங்க" என்றார் அங்கிருந்தவர். நாய் வேலை பார்ப்பவருக்கு அது பயக் கொட்டாவி என்று தெரியவில்லை.

"நைட்ல யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"கேமரா இருக்குங்க மேடம்."

ஊருக்குப் போகும் தேதிக்கு முன்பே ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, விடிந்ததும் போனேன். சிட்டு நின்றுகொண்டுதான் இருந்தாள், ஆனால் பின்னங்கால்கள் மடிந்து மடிந்து போயின. கண்ணின் உள் மூலையிலிருந்து ஒரு வெளிறிய சவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது.

விசாரித்தால், ராத்திரியெல்லாம் ஊளையிட்டாளாம், பக்கத்து காட்டேஜில் தங்கியிருந்தவர்கள் சத்தம் போட்டார்களாம், வாட்ச்மேன் போன் செய்ய, ஓனர் "ஒரு மாத்திரை குடு" என்றாராம். எனக்கு ஒரு போன் இல்லை. நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். என்ன மாத்திரை என்று கேட்டால் தெரியாது என்றார்கள். குப்பைக் கூடையைக் கிளறி மாத்திரை அட்டையை நானே எடுத்தேன்: அசிப்ரோமசின்.

சேலத்துக்கு வந்து டாக்டரிடம் காட்டியபோது அவர் விளக்கினார். அந்த மருந்து உடம்பைத் தளர்த்திப் போட்டுவிடும், பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். சத்தத்துக்கு இன்னும் அதிகமாகத் திடுக்கிடும் நாய்களும் உண்டு. பார்ப்பவர்களுக்கு நாய் அமைதியாகிவிட்ட மாதிரி தெரியும். ஓடவும் முடியாமல் கத்தவும் முடியாமல் அவள் அந்தத் தகரத்துக்குக் கீழே கிடந்திருக்கிறாள் என்பதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். மாத்திரை அட்டையை மேஜை மேல் வைத்து, "இதை எழுதிக் கொடுத்த டாக்டர் சீட்டைக் காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் உள்ளே போய் வந்தார்கள். பணம் முழுசாக வந்தது.

அதற்குப் பிறகு நான் எந்த இடத்துக்குப் போன் போட்டாலும் புல்வெளி எவ்வளவு, நீச்சல் குளம் உண்டா என்று கேட்கவில்லை. ராத்திரி அதே கூரைக்குக் கீழே ஒரு ஆள் படுப்பாரா என்பதுதான் முதல் கேள்வி. பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கின்றன. "ஆமாம், நான்தான்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் மேற்கொண்டு பேசினேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

கடைசியில் ஆமாம் என்று சொன்னவர் அழகாபுரத்தில் ஒரு அக்கா, ரிட்டயர்டு நர்ஸ். ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் எடுப்பார். அட்டையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தேதியாகப் படித்தார். "அதுங்க வீட்டுல வச்சு ஒருவாட்டி பார்த்துடறேனே" என்று எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் சிட்டுவைக் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து என்னோடு என் அக்காவின் ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வேகவைத்த கோழித் துண்டு ஒன்று பக்கத்தில் தரையில் கிடந்தது. நான் "சிட்டு, வா" என்று ஆரம்பித்ததும், "நீ சும்மா இரு கண்ணு, அதுவா வரட்டும்" என்று தடுத்துவிட்டார். காப்பி ஆறிப்போகும் நேரத்தில் சிட்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வயிற்றால் நகர்ந்து வந்து, துண்டை எடுத்துக்கொண்டு, நர்ஸ் அக்காவின் முழங்கையை மோந்து பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் அவர் வீட்டில் ஒரு சாயங்காலம், ஒரு ராத்திரி என்று பழக்கினோம். டாக்டர் அவள் எடைக்கு ஏற்ற அளவில், பதற்றத்தைக் குறைக்கும் கபாபென்டின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். அதை முதலில் நம் வீட்டிலேயே, நாம் கூட இருக்கும்போது கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மனிதர்களுக்கான கபாபென்டின் சிரப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எந்த டாக்டரிடம் போவது, அவசரம் என்றால் எவ்வளவு வரை கேட்காமலே செலவு செய்யலாம், நான் போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது, டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட இல்லை என்பது வரை. வாசலில் இறங்கும்போது காலர் கழன்று ஓடிவிடும் ஆபத்து பயந்த நாய்க்கு எப்போதும் உண்டு, அதனால் உடம்புப் பட்டையும் காலரும் இரண்டும் போட்டு, இரண்டு கயிறு. நான் துவைக்காத ஒரு நைட்டியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஹைதராபாத்திலிருந்து ஆசையாக வீடியோ கால் போட்டேன். என் குரல் கேட்டதும் சிட்டு வாசலுக்கு ஓடி, நெடுநேரம் கதவையே மோந்துகொண்டிருந்தாளாம். "இனி பேச வேண்டாம் கண்ணு, நான் படம் எடுத்து அனுப்பறேன்" என்றார் நர்ஸ் அக்கா. தினமும் ராத்திரி ஒரு வீடியோ வந்தது. முதலில் அக்காவின் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். போகப் போக கட்டிலுக்குப் பக்கத்தில். சாப்பாடு பாதிதான் இறங்கியது, ஆனால் இறங்கியது.

திரும்பி வந்ததும் காது, விரல் இடுக்கு எல்லாம் உண்ணி தேடினேன், இல்லை. கொஞ்ச நாள் மலம் இளகிப் போனது, மன உளைச்சலில் அப்படி ஆகும், ரத்தம் இல்லையென்றால் பார்க்கலாம் என்றார் டாக்டர். தானாகச் சரியாகிவிட்டது.

தீபாவளி நேரத்தில் அந்த அக்கா யாரையும் எடுப்பதில்லை. மே மாதத்துக்கு ரொம்ப முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுகிறார்கள். இப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் கிடைத்தால், எந்த ஊருக்கும் போகாத மாதத்திலேயே நாயைக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி தங்கவைத்துப் பழக்கிவிடுங்கள். நான் சிட்டுவை அடுத்த மாதம் மறுபடி அங்கே விடப்போகிறேன், பயணம் எதுவும் இல்லாமலே.